பழகினால் போகும் வலி அல்ல இது

கேள்வி: எனக்கு 26 வயது. பிளஸ் டூ படித்திருக்கிறேன். நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக் கடையில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். பிறகு தனியார் நிலையம் ஒன்றில் மூன்று மாத ஆயுர்வேத மசாஜ் பயிற்சி முடித்துவிட்டு, ஏழு மாதமாகக் கோவளம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் தெரபிஸ்டாக இருக்கிறேன். சீசனில் ஒரு நாளைக்கு ஏழு, எட்டுப் பேர் வருகிறார்கள். இப்போது வலது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டு ஓரத்தில் வலி. துணி பிழிந்தால் உயிர் போகிறது. மேலாளரிடம் சொன்னால், "புதுக் கை, பழகினால் சரியாகிவிடும்" என்கிறார். இதே தொழிலில் பதினோரு வருடம் இருந்த என் சித்தியால் இன்று டம்ளரைக்கூடச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. கேரளத்தில் ஒரு வருட தெரபிஸ்ட் படிப்பு இருக்கிறதாம். வேலையை விட்டுவிட்டு அதில் சேரலாமா, அல்லது இந்தத் தொழிலே வேண்டாமா? அம்மா தையல் கற்றுக்கொள்ளச் சொல்கிறார்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தக்கலை

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மேலாளர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் முன்கை கனக்கும், தோள் இறுகும், ஒரு நல்ல தூக்கம் போட்டால் மறுநாள் லேசாகிவிடும். அது பழகினால் போகும் வலி. ஒரே இடத்தில் குடிகொண்டு, துணி பிழியும்போதும் பாட்டில் மூடியைத் திருகும்போதும் சுரீரென்று இழுக்கிற வலி வேறு வகை. அது பழகாது, முற்றும். ஒரு பிசியோதெரபிஸ்ட்டாக மசாஜ் தொழிலாளர்கள் பலரின் கைகளைப் பார்த்துவருகிற எனக்கு இதில் சந்தேகமே இல்லை. உங்களுக்கு மாதச் சம்பளம் கொடுப்பவரின் வாயிலிருந்து வரும் மருத்துவ ஆலோசனையைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

ஒன்று செய்து பாருங்கள். வலது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்க வேண்டும். கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் மின்னல் வெட்டியதுபோல வலித்தால், 'டி குவெர்வைன்' என்று மருத்துவர்கள் சொல்லும் பிரச்சினையாக இருக்க வாய்ப்பு அதிகம். 1895-இல் இதை விவரித்து எழுதிய சுவிஸ் அறுவை மருத்துவரின் பெயர் அது. கட்டைவிரலை இழுக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டில் ஓர் இறுக்கமான உறைக்குள் ஓடுகின்றன. ஓயாமல் பிடித்து, முறுக்கி, அழுத்தினால் அந்த உறை தடித்து, நாண்கள் உள்ளே ஓட இடமில்லாமல் சிக்குகின்றன. கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் இளம் தாய்மாருக்கும் இது வரும். ஆகவே இதை வயதானவர்களின் வியாதி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கடிதத்தை வைத்து நான் முடிவு கட்டக் கூடாது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்கள் ஊருக்குத் தொலைவில்லை. எலும்பு மூட்டுப் பிரிவில் காட்டுங்கள். பெரும்பாலும் கட்டைவிரலை அசையாமல் வைக்கும் ஸ்பிளின்ட்டைச் சில வாரங்கள் போடச் சொல்வார்கள். ஸ்டீராய்டு ஊசி என்று சொன்னாலும் பயப்பட வேண்டாம், இந்த இடத்தில் பலருக்கு அது நன்றாகவே கேட்கிறது. ஆனால் வலி மறைந்த மறுநாளே எட்டுப் பேருக்குத் தேய்க்கப் போய் நிற்பதற்காக அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளக் கூடாது. வலிக்கிற இடத்தையே தைலம் போட்டு அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் முதலில் செய்யும் தவறு அதுதான். இன்னொன்று: இரவில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மரத்துப்போய், எழுந்து கையை உதறுகிறீர்கள் என்றால், மணிக்கட்டு வழியாகப் போகும் நரம்பு நசுங்குவதாக இருக்கலாம். அதைத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இது ஏன் வந்தது? நீங்கள் எழுதாவிட்டாலும் ஊகிக்க முடிகிறது. பிழிச்சில் எத்தனை செய்கிறீர்கள்? சூடான தைலத்தில் நனைத்த துணியைக் கையில் பிடித்து, கட்டைவிரலைக் கீழ்நோக்கி வைத்து, அதன் வழியே தைலம் தாரையாக இறங்கும்படி பிழிகிறீர்கள். மறு கை அந்தத் தைலத்தை உடம்பில் தேய்க்கிறது. ஒரு மணி நேரம் இதே வேலை. பிழிகிற கை பெரும்பாலானவர்களுக்கு வலது கைதான், மாற்றுவதே இல்லை. துணி உங்கள் உள்ளங்கைக்குப் பெரியதாக இருந்தால் பிடி இன்னும் இறுகும். வேலை முடிந்து விடுதி அறைக்குப் போனதும் எண்ணெய் படிந்த சீருடையைத் துவைத்து அதே கையால் பிழிகிறீர்கள், பிறகு அதே கட்டைவிரலால் கைபேசியில் தட்டுகிறீர்கள். அந்தத் தசைநாண்களுக்கு விடுமுறை எப்போது?

சரியாக்குவது கடினமில்லை. துணியைச் சிறிதாகக் கிழித்துக்கொண்டு, சில நிமிடத்துக்கு ஒரு முறை கை மாற்றுங்கள். முறுக்க வேண்டியதில்லை, துணி நன்றாக நனைந்திருந்தால் லேசாக அமுக்கினாலே தைலம் இறங்கும். கிழி என்னும் மருந்து மூட்டையின் கைப்பிடி மெலிந்திருந்தால் அதன் மேல் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். பிடி தடிமனாக இருந்தால் விரல்களுக்குக் குறைந்த பலமே போதும்.

மற்றபடி, உழிச்சிலில், அதாவது எண்ணெய் தேய்த்துவிடும் மசாஜில், கட்டைவிரலால் அழுத்துவதை அறவே குறைக்க வேண்டும். கட்டைவிரல் நுனியால் ஒரு கிலோ விசையில் கிள்ளிப் பிடித்தால், அதன் அடிமூட்டில் ஏறக்குறைய 12 கிலோ விசை விழுகிறது என்று உடலியக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பதினோரு வருடம் அப்படி அழுத்தினால் மூட்டின் குருத்தெலும்பு என்ன ஆகும்? உங்கள் சித்தியின் பிரச்சினை அந்த அடிமூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அழுத்தம் காலிலிருந்து வர வேண்டும். ஒரு காலை முன்னால் வைத்து, பின்காலின் குதிகாலை ஊன்றி, உடம்பை முன்னுக்குச் சாய்த்தால் எடை தானாகத் தோள் வழியாக இறங்கும். தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் ஒரே கோட்டில் இருக்கட்டும். மணிக்கட்டைப் பின்னுக்கு மடக்கி உள்ளங்கையின் அடிப்பகுதியால் முழு எடையையும் கொடுப்பதை விட்டுவிடுங்கள். முதுகு, தொடை போன்ற பெரிய இடங்களுக்கு முன்கை இருக்கிறது, தளர்வாக மூடிய முஷ்டி இருக்கிறது.

ஆனால் காலை அப்படி வைக்க இடம் வேண்டுமே! வாடிக்கையாளரைப் படுக்க வைக்கும் கேரள முறை மரத்தோணியின் உயரத்தை மாற்ற முடியாது, ஓரமும் எழும்பி நிற்கும். இரண்டு பக்கமும் நின்று தேய்க்கும் இருவரில் ஒருத்தி உயரம், ஒருத்தி குள்ளம் என்றால், உயரமானவள் நாள் முழுவதும் முதுகை வளைக்கிறாள், குள்ளமானவள் நாள் முழுவதும் தோளைத் தூக்குகிறாள். மாலையில் ஒருத்திக்கு இடுப்பு வலி, மற்றவளுக்குக் கழுத்து வலி. நின்றபடி கையைத் தொங்கவிட்டு முஷ்டியை மூடினால், அது படுக்கையின் மேல்மட்டத்தைத் தொட வேண்டும். அதுதான் பொதுவான அளவு. தோணி உயரமாக இருந்தால் நிற்பதற்கு ஒரு பலகை கேளுங்கள். கால் அகட்டி நிற்கும் அகலமும், எண்ணெயில் வழுக்காத மேல்பரப்பும் அதற்கு வேண்டும். ஒரு தச்சரின் அரை நாள் வேலை. பெரிய ரிசார்ட்டுகளில்கூட இது இருப்பதில்லை என்பது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிற விஷயம்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும், ஒரு நாளைக்கு எட்டுப் பேர் என்றால் கை தாங்காது. நேரடியாகத் தேய்க்கும் வேலை ஒரு நாளைக்கு நான்கைந்து மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் நடுவே கால் மணி நேரமாவது இடைவெளி வேண்டும். உங்களுக்கு நடந்ததைப் பாருங்கள்: மூன்று மாதப் பயிற்சி, உடனே சீசன், முதல் வாரத்திலேயே முழு எண்ணிக்கை. காயம் பெரும்பாலும் இப்படித் திடீரென்று ஏறும் சுமையில்தான் வருகிறது. டிசம்பர், ஜனவரியில் வெளிநாட்டவர் கூட்டம், ஆடியில், அதாவது மலையாளிகளின் கர்க்கடக மாதத்தில், உள்ளூர்க்காரர்கள் கூட்டம். அந்த மாதங்களுக்கு முன்பே எண்ணிக்கையைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுக்கும் இடங்களில் நாமே நம் கையை விற்றுவிடுகிறோம். நிரந்தரச் சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் அதையே தேர்ந்தெடுங்கள்.

இனி படிப்பு. சேருங்கள் என்றுதான் சொல்வேன், கை குணமான பிறகு. கேரள அரசின் ஆயுர்வேத மருத்துவக் கல்வி இயக்ககம் நடத்தும் தெரபிஸ்ட் படிப்பு ஓராண்டு. திருச்சூர் மாவட்டம் செறுதுருத்தியில் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழுள்ள தேசிய பஞ்சகர்ம ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அங்கும் பஞ்சகர்மம் என்னும் ஆயுர்வேதச் சுத்திகரிப்புச் சிகிச்சைக்கான டெக்னீசியன் பயிற்சி உண்டு. அறிவிப்பு வந்ததும் பிற மாநிலத்தவருக்கு இடம் உண்டா என்பதை முதலில் படித்துவிட்டு விண்ணப்பத்துக்குப் பணம் கட்டுங்கள். தமிழ்நாட்டில் இருந்தபடியே படிக்க வேண்டும் என்றால், திறன் மேம்பாட்டுத் திட்டங்களிலும் பஞ்சகர்ம டெக்னீசியன் என்ற அங்கீகரிக்கப்பட்ட தகுதி இருக்கிறது.

செறுதுருத்தியில்தான் கதகளி கற்பிக்கும் கேரள கலாமண்டலமும் இருக்கிறது. கதகளி மாணவர்களுக்கு மழைக்காலத்தில் ஆசான்கள் காலால் உழிச்சில் செய்வது அங்கே மரபு. மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதத்தால் தேய்க்கும் சவிட்டி உழிச்சில் அதே மரபைச் சேர்ந்தது. அதை முறையாகக் கற்றுக்கொண்டால் வாரத்தில் பல மணி நேரம் உங்கள் கை சும்மா இருக்கும். சமநிலையும் பொறுமையும் வேண்டும், அரைகுறையாகக் கற்றவர் ஏறி மிதித்தால் படுத்திருப்பவரின் விலா எலும்புக்குத்தான் ஆபத்து.

ஜப்பானில் மசாஜ் செய்ய உரிமம் வேண்டும் என்றால் மூன்றாண்டு படித்து தேசியத் தேர்வு எழுத வேண்டும். 1947-இல் இயற்றிய தனிச் சட்டமே இருக்கிறது. பார்வையற்றோர் பல தலைமுறைகளாக அங்கே வாழ்நாள் முழுவதும் செய்துவரும் தொழில் இது. உங்கள் மூன்று மாதச் சான்றிதழை நான் குறை சொல்லவில்லை. அதில் வாடிக்கையாளரின் உடம்பைப் பற்றிச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வகுப்பாவது நடந்ததா? எந்த நிலையத்தில் சேர்வதாக இருந்தாலும் இதைக் கேளுங்கள். நீங்கள் தேய்க்கும்போது ஆசிரியர் பக்கத்தில் நின்று கால் எங்கே, மணிக்கட்டு எப்படி என்று திருத்துவாரா, அல்லது வீடியோ போட்டுக் காட்டிவிட்டுப் போய்விடுவாரா? அங்கே படித்து, ஐந்து வருடமாக வேலையில் இருக்கும் ஒருவரின் தொலைபேசி எண்ணை வாங்கி, அவர் கட்டைவிரல் எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள். விளம்பரத் துண்டறிக்கையில் அது இருக்காது.

வேலையை விடுவதற்கு முன் சம்பளச் சீட்டைப் பாருங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால், பெரும்பாலும் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்க வேண்டும். உங்களிடமிருந்து 0.75 சதவீதம், அவர்கள் தரப்பில் 3.25 சதவீதம். அது இருந்தால் சிகிச்சைக்குக் கைக்காசு செலவாகாது. பங்களிப்பு நாட்கள் நிறைந்திருந்தால், மருத்துவர் சான்று கொடுத்த ஓய்வு நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதமும் கிடைக்கும். பிடிக்கவே இல்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். உட்கார நாற்காலி கேட்பதற்கும் கூச்சம் வேண்டாம். கடை, நிறுவன ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் சட்டத்தைத் திருத்தின. ஜவுளிக் கடையில் நின்றவருக்கு அதன் அருமை தெரியும்.

சான்றிதழ் கையில் வந்ததும் வளைகுடாவுக்கு ஆள் எடுக்கிறோம் என்று யாராவது வருவார்கள். விசிட் விசாவில் போய்ச் சேர்ந்துவிட்டு, அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். மத்திய அரசில் பதிவு பெற்ற முகவரா என்று இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். ஒப்பந்தத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பேர், வார விடுமுறை எத்தனை நாள் என்பது எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வலி அடங்கிய பிறகு கையைப் பலப்படுத்துங்கள். பந்தை அமுக்கும் பயிற்சி உங்களுக்கு வேண்டாம், பிடிக்கும் தசைகள் ஏற்கெனவே மிகையாக உழைத்துவிட்டன. விரல்களைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு விரித்து மூடுங்கள். சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதும் தோளுக்கும் தொடைக்கும் நல்லது.

அம்மா சொன்ன தையல் விஷயம்: கத்தரிக்கோல் பிடிப்பதும் இதே கட்டைவிரல்தான். ஸ்பிளின்ட் கழற்றும் வரை அதுவும் வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் தேங்காய் துருவும் வேலையையும் அதுவரை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.