டெங்குவும் ரத்த உறைதலும்: ரத்த வங்கி மருத்துவரிடம் கேளுங்கள்

கேள்வி: பையனுக்கு 14 வயசு. நேத்து பிளேட்லெட் 62,000, இன்னைக்கு 38,000. காய்ச்சல் விட்டுடுச்சு. ரத்தம் கொடுக்க ஆள் தேடட்டுமா சார்? (திருப்பூர்)

பதில்: ஆள் தேடும் முன், அதே ரிப்போர்ட்டில் பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு) என்ற வரியைப் பாருங்கள். நேற்று 38 இருந்தது இன்று 46 என்றால், அந்த 38,000-ஐவிட எனக்கு அதுதான் பயம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகிறது. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் கண்டம். பெரும்பாலும் 3 முதல் 7ஆம் நாளுக்குள், ஒன்றிரண்டு நாள். பையன் வீட்டில் இருந்தால் இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுவது என ஏதாவது இருக்கிறதா என்பதையும் அங்கே சொல்லுங்கள்.

கேள்வி: பிளேட்லெட் ஏத்தினா ரத்தப்போக்கு வராதுன்னுதானே எல்லாரும் சொல்றாங்க?

பதில்: சொல்வார்கள், ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் வங்கிக்கு வரும் போன் எல்லாம் அதற்குத்தான். சிங்கப்பூர், மலேசியாவில் 20,000-க்குக் கீழே இருந்த பெரியவர்களிடம் சோதித்து 2017-இல் வெளியான ஆய்வில், ரத்தப்போக்கு இல்லாதவர்களுக்கு முன்கூட்டியே ஏற்றியது அதைத் தடுக்கவில்லை. ஒவ்வாமை போன்ற தொல்லைகள்தான் கூடின. ரத்தம் நிஜமாகவே கொட்டினால் கதை வேறு.

பஞ்சர் ஒட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பிளேட்லெட் ஒட்டுத்துண்டு, ஃபைப்ரினோஜன் பசை. டெங்குவில் இரண்டும் குறைகின்றன, டியூபின் ரப்பரும் நைகிறது. வைரஸின் என்.எஸ்.1 புரதம் ரத்தக் குழாயின் உட்பூச்சைச் சிதைக்கிறது. ரத்தம் உறைய எத்தனை செகண்ட் ஆகிறது என்று பார்க்கும் ஏ.பி.டி.டி. சோதனையில் நேரம் சற்று நீளும், அது மட்டும் ஆளைக் கொல்லாது. கசிவை மணிக்கணக்கில் கவனிக்காமல் விட்டு ஷாக் (உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத நிலை) நீடித்தால்தான் ஆபத்து. ஈரலும் குடலும் ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கும், உடம்பெங்கும் நுண்குழாய்களில் ரத்தம் உறைந்து உறைபொருள்கள் தீர்ந்துபோகும். டி.ஐ.சி. என்பது இதுதான். அந்த நிலையில் பை பையாக ஏற்றினாலும் ஈடுகொடுப்பது கஷ்டம். சரியான நேரத்தில், சரியான அளவில் ஏற்றிய சலைன்தான் அதைத் தடுக்கும். அளவு மீறினால் அதே நீர் நுரையீரலில் சேரும், அதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சிருக்கு, அஸ்பிரின் குடிக்கிறவர். டெங்கு எண்டு சொல்லிப் போட்டினம். நிப்பாட்டலாமோ டொக்டர்? (யாழ்ப்பாணம்)

பதில்: நிறுத்துவதா தொடர்வதா என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள், இன்றே வாட்டில் சேர்த்து இதய மருத்துவரைக் கேளுங்கள். ஸ்டென்ட் வைத்து எத்தனை மாதம் என்பதைப் பொறுத்து அவர் முடிவெடுப்பார். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் சொன்ன அளவில். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், இடுப்பில் ஊசி மூன்றும் வேண்டாம்.

கேள்வி: லேப் டெக்னீஷியன் நான். நேத்து ஒரு டெங்கு கேஸ்ல ஏ.பி.டி.டி. 90 செகண்ட். டாக்டர் நம்பல.

பதில்: நானும் முதலில் நம்பமாட்டேன். நீல மூடி டியூபில் கோடு வரை ரத்தம் இருந்ததா? ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் (டியூபில் ரத்தம் உறையாமல் தடுக்கும் கரைசல்). பாதி நிரப்பினால் முடிவு பொய்யாக நீளும். பி.சி.வி. 55-ஐத் தாண்டிய நோயாளியில், முழுக்க நிரப்பினாலும் பிளாஸ்மா குறைவு, சிட்ரேட் மிகுதி. சிட்ரேட்டைக் குறைத்து மறுபடி எடுங்கள். குளுக்கோஸ் ஏறும் கையில் எடுக்கவே எடுக்காதீர்கள்.

கேள்வி: பப்பாளி இலைச் சாறு குடிச்ச மூணாம் நாளே எங்க அத்தைக்கு 1,10,000 ஆயிடுச்சே?

பதில்: அத்தைக்கு அது எத்தனையாவது நாள்? ஏழு, எட்டு என்றால் சாறு இல்லாமலும் ஏறியிருக்கும். எண்ணிக்கை கூடியதாகச் சில சிறு ஆய்வுகள் சொல்கின்றன. உயிர் காத்ததாக நிறுவப்படவில்லை. வாந்தியெடுக்கும் ஆளுக்குக் கசப்பை ஊற்றுவதைவிட உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுங்கள்.

கேள்வி: டிஸ்சார்ஜுக்கு பிளேட்லெட் ஒரு லட்சம் வரணுமா?

பதில்: வேண்டாம். இரண்டு நாள் காய்ச்சல் இல்லை, சாப்பிடுகிறார், சிறுநீர் போகிறது, டிரிப்ஸ் இல்லாமலே பி.சி.வி. நிலையாக இருக்கிறது, பிளேட்லெட் ஏறுமுகம் என்றால் வீட்டுக்குப் போகலாம்.