கரு உருவாகும் முன்பே பெண் குழந்தையைத் தேர்ந்தெடுக்க முடியுமா?

கேள்வி: எங்களுக்கு இரண்டு மகன்கள். அடுத்தது பெண்ணாக இருக்க வேண்டும் என்று ஆசை. விந்தணுவைப் பிரித்தெடுத்தால் முன்கூட்டியே பாலினத்தை முடிவு செய்யலாம் என்று ஒரு விளம்பரத்தில் படித்தேன். சேரும் நாளைக் கணக்குப் பார்த்தாலே போதும் என்கிறாள் தோழி. எதை நம்புவது?

பதில்: தோழியின் யோசனையை முதலில் முடித்துவிடுவோம். கருமுட்டை வெளிவரும் நாளில் சேர்ந்தால் ஆண், சில நாள் முன்னதாக என்றால் பெண் என்பது பழைய நம்பிக்கை. கருத்தரிக்க முயன்ற 221 பெண்களைக் கவனித்து 1995-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், சேரும் நாளுக்கும் குழந்தையின் பாலினத்துக்கும் தொடர்பே தெரியவில்லை. ஒன்றும் செய்யாமலிருந்தாலே பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டல்லவா? அதனால்தான் இத்தகைய முறைகள் எல்லாவற்றுக்கும் 'எனக்குப் பலித்தது' என்று சாட்சி சொல்ல ஆள் கிடைக்கிறார்கள்.

விந்தணுப் பிரிப்பு அப்படி வெறும் நம்பிக்கை அல்ல. பெண் குழந்தை தரும் எக்ஸ் குரோமோசோம் உள்ள விந்தணுவில், ஆண் குழந்தை தரும் ஒய் உள்ளதைவிட ஏறக்குறைய 2.8 சதவீதம் டிஎன்ஏ கூடுதல். ஒளிரும் சாயம் ஏற்றி, லேசர் முன் ஓடவிட்டால் அந்தச் சிறு வேறுபாடு தெரியும். கால்நடைகளுக்காக வளர்ந்த நுட்பம் இது. மனிதர்களுக்கு 'மைக்ரோசார்ட்' என்ற பெயரில் அமெரிக்காவில் சோதித்தார்கள். அங்கே அதற்கு அரசு ஒப்புதல் கிடைக்கவில்லை. பெண்ணுக்கான பிரிப்பு ஓரளவு நன்றாகவே வந்தது, ஆணுக்கானது அதைவிடக் குறைவு. எப்படியும் அது வாய்ப்பைக் கூட்டுமே தவிர உறுதி தராது. அல்புமின் கரைசலில் நீந்தவிட்டுப் பிரிக்கும் இன்னொரு முறையும் உண்டு. பின்னாளில் விந்தணுக்களின் குரோமோசோமையே சோதித்துப் பார்த்தபோது அதில் சொல்லும்படியான பிரிப்பு நடந்திருக்கவில்லை. விளம்பரம் எந்த முறையைச் சொல்கிறது என்று கேளுங்கள். வெறும் 'விந்தணுக் கழுவல்' என்றால் அது பாலினத்தைப் பிரிக்காது.

நம்பகமாகப் பாலினம் சொல்லும் முறை ஒன்று இருக்கிறது, ஆனால் அது கரு உருவான பிறகுதான். முட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்க்கும் ஐவிஎஃப் முறையில் கருக்களை வளர்த்து, ஐந்து, ஆறாம் நாளில் சில செல்களை எடுத்துச் சோதித்து, தேர்ந்த கருவைக் கருப்பையில் வைப்பார்கள். தவறு மிக அரிது. ஆனால் அதற்கு ஹார்மோன் ஊசிகள், முட்டை எடுக்கும் சிறு அறுவை, சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்படும் ஆபத்து, பெருஞ்செலவு எல்லாம் சேரும். தேறும் கருக்களில் பாதி ஆணாக இருக்கும். மிஞ்சியதில் கோளாறுள்ளவை கழியும். வைத்த கரு ஒட்டாமலும் போகலாம். வயது கூடக்கூட எண்ணிக்கை இன்னும் சுருங்கும். இயல்பாகக் கருத்தரிக்கக்கூடிய ஒரு பெண், ஆசைக்காக மட்டும் இத்தனையையும் ஏற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்புறம், சட்டம். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இந்தியாவில் 1994-ம் ஆண்டுச் சட்டம் 2003-ல் திருத்தப்பட்ட பிறகு, கருத்தரிக்கும் முன் பாலினம் தேர்வதும் குற்றம், அதை விளம்பரம் செய்வதும் குற்றம். பிரிட்டனில் மருத்துவக் காரணம் இருந்தால் மட்டும் அனுமதி. அமெரிக்காவில் தடை இல்லை.

மருத்துவக் காரணம் என்றால் ஹீமோஃபிலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்), டுஷேன் தசைச்சிதைவு போன்ற, எக்ஸ் குரோமோசோம் வழியே வரும் நோய்கள். தாயிடம் அந்த மரபணுக் கோளாறு இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர 50 சதவீத வாய்ப்பு. உங்கள் மகன்களுக்கோ உங்கள் சகோதரர்களுக்கோ தாய்மாமனுக்கோ அப்படி ஏதாவது இருந்தால், கருத்தரிப்பதற்கு முன்பே மரபியல் மருத்துவரைப் பாருங்கள். இப்போது அந்த மரபணுவையே கருவில் சோதிக்க முடிகிறது என்பதால், ஆண் கருக்களை மொத்தமாக ஒதுக்க வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை.