அமெரிக்க ரெசிடென்சி நேர்காணல்: வீட்டிலிருந்தா, விமானம் ஏறியா?

எம்.பி.பி.எஸ். முடித்த மகள் அமெரிக்க ரெசிடென்சிக்கு, அதாவது அங்குள்ள மருத்துவமனையில் முதுநிலைப் பயிற்சிக்கு, விண்ணப்பிக்கிறாள். ஆன்லைன் நேர்காணலில் அவள் முகம் கேள்வி கேட்பவர்கள் மனதில் நிற்குமா, கடன் வாங்கியாவது நேரில் அனுப்ப வேண்டுமா என்பது ஏற்காட்டுத் தந்தை ஒருவரின் கேள்வி.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இங்கே எம்.டி., எம்.எஸ். இடங்களுக்கு நேர்காணலே கிடையாது, நீட் பி.ஜி. போன்ற நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் கவுன்சலிங்கும்தான். 'இன்டர்வியூவில் சீட் வாங்கித் தருகிறேன்' என்று யாராவது வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அமெரிக்காவில் நேர்காணல்தான் பெரிய வாசல். அது ஆன்லைனா, நேரிலா என்பதை முடிவு செய்வது மருத்துவமனை. நம் கையில் இல்லை. 2020 கொரோனா ஆண்டில் எல்லாம் ஆன்லைனுக்கு மாறின. இன்றும் பெரும்பாலானவை அப்படியே தொடர்கின்றன, சில மருத்துவமனைகள் மட்டும் நேரில் அழைக்கின்றன. ஆன்லைனில் அழைத்த இடத்துக்கு விமானம் ஏறிப் போய் நிற்பதால் கூடுதல் மதிப்பு கிடைக்காது. கையில் பணமிருந்தால் விண்ணப்பிப்பதற்கு முன்பே ஒரு மாத அப்சர்வர்ஷிப்புக்கு, அதாவது அங்குள்ள மருத்துவரோடு கூட நின்று வேலையைப் பார்த்துப் பழகுவதற்கு, செலவிடுங்கள். அந்த மருத்துவர் எழுதித் தரும் பரிந்துரைக் கடிதம் நேர்காணல் பயணத்தைவிட அதிகம் பேசும்.

நேரில் அழைக்கும் மருத்துவமனைக்கும் விண்ணப்பிப்பதானால் பி1/பி2 விசா (குறுகிய காலப் பயண விசா) முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். விண்ணப்பங்கள் செப்டம்பர் கடைசியில் மருத்துவமனைகளுக்குப் போகும். நேர்காணல்கள் அக்டோபர் முதல் ஜனவரி வரை. அழைப்பு வந்த பிறகு சென்னையில் விசாத் தேதி தேடினால் சீசன் முடிந்த பிறகுதான் கிடைக்கலாம். விசா இல்லையென்றால் அழைப்பு வந்த அன்றே ஆன்லைன் வாய்ப்பு உண்டா என்று பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கட்டும்.

பலர் கோட்டை விடுவது நேரக் கணக்கில்தான். நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் அதற்கு முன்பு நமக்கு மாலை 6.30, அதன் பிறகு 7.30. கலிஃபோர்னியாவில் காலை 9 என்றால் இங்கே இரவு 9.30, பிறகு 10.30. அங்கே மதியம் வரை நீண்டால் இங்கே நள்ளிரவு தாண்டிவிடும். முந்தின நாள் மாலை அங்குள்ள ரெசிடென்ட்களோடு ஒரு சந்திப்பு வைப்பார்கள். டிசம்பரில் நியூயார்க் நேரம் மாலை 7 என்றால் இங்கே அதிகாலை 5.30. மார்கழியில் அந்த நேரத்துக்குக் கோயில் ஒலிபெருக்கி பாட ஆரம்பித்திருக்கும். ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து அறையைத் தேர்ந்தெடுங்கள்.

நேர்காணல் சீசனும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகவே வரும். மலையில் மரம் விழுந்தால் கரண்டும் ஃபைபர் கேபிளும் சேர்ந்தே போகும். அதனால் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பகலிலேயே இறங்கி, சேலத்தில் ஜெனரேட்டர் உள்ள இடத்தில் ஓர் இரவு தங்குவது நல்லது. வீட்டிலிருந்துதான் என்றால் இன்வெர்ட்டரை மட்டும் நம்ப வேண்டாம். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த ஒரு நொடியில் ரவுட்டர் அணைந்து, மறுபடி உயிர் பெற்று நெட் வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். 15, 20 நிமிட நேர்காணலில் அது பெரிய ஓட்டை. பல இன்வெர்ட்டர்களில் யு.பி.எஸ். மோடுக்கு மாற்றும் சுவிட்ச் இருக்கும், அதைப் போடுங்கள். ரவுட்டருக்கென்று தனியாக ஒரு மினி யு.பி.எஸ்.ஸும் வாங்கி வையுங்கள். அடாப்டரில் 12 வோல்ட் என்றிருந்தால் அதே வோல்ட், ஆம்பியரும் குறையக் கூடாது. மாற்று ஏற்பாடாக வேறு நிறுவன சிம் போட்ட போனில் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும். மருத்துவமனையில் நேர்காணலை ஒருங்கிணைப்பவரின் தொலைபேசி எண் காகிதத்தில் எழுதி மேசையில் இருக்க வேண்டும். நெட் போனபிறகு மின்னஞ்சலில் தேட முடியாது.

கேமரா கண் மட்டத்தில், வெளிச்சம் முகத்துக்கு எதிரே. மின்விசிறிக்கு மேலே விளக்கு இருந்தால் இறக்கையின் நிழல் முகத்தில் வெட்டிக்கொண்டே இருக்கும். விசிறியை நிறுத்துங்கள் அல்லது விளக்கை மாற்றுங்கள். பேசும்போது திரையில் தெரியும் முகத்தைப் பார்க்காமல் லென்ஸைப் பார்க்கப் பழக வேண்டும். குரல் போய்ச் சேரச் சிறு தாமதம் உண்டு. கேள்வி முடிந்ததும் ஒரு மூச்சு விட்டுப் பதில் சொன்னால் இருவர் குரலும் மோதாது. திரைக்குப் பின்னால் ஒட்டிய குறிப்பைப் படித்தால் கண் அசைவே காட்டிக்கொடுத்துவிடும். உங்களுக்கும் ஒரு வேலை: காலிங் பெல்லைக் கழற்றி வையுங்கள், கதவுக்குப் பின்னால் நின்று கேட்காதீர்கள்.

ஆன்லைனில் உண்மையான இழப்பு வேறு: மருத்துவமனையை அவள் கண்ணால் பார்க்க முடியாது. அதைக் கேள்வியால்தான் ஈடுகட்ட வேண்டும். ஜே-1 (பயிற்சி விசா) மட்டுமா, ஹெச்-1பி (வேலை விசா) கூடத் தருவார்களா, வெளிநாட்டில் படித்தவர்கள் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள், இரவுப் பணி எப்படி வரும் என்பதையெல்லாம் தலைமை மருத்துவரிடம் கேட்பதைவிட ரெசிடென்ட்களிடம் கேட்பது பலன் தரும். வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்திருக்கிறாய், எங்களை எத்தனையாவது இடத்தில் போடுவாய் என்று மருத்துவமனைத் தரப்பு இவளைக் கேட்க 'மேட்ச்' (இரு தரப்பின் விருப்பப் பட்டியலையும் பொருத்தி இடம் ஒதுக்கும் முறை) விதிகளில் இடமில்லை. மீறிக் கேட்டால், 'உங்கள் பயிற்சித் திட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது' என்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.