குழந்தைகளின் தலையில் படர்தாமரை: தோல் மருத்துவரிடம் கேளுங்கள்

கேள்வி: என் 6 வயது மகனின் உச்சந்தலையில் வட்டமாக முடி உதிர்ந்து, அந்த இடம் செதில் செதிலாக உரிகிறது. மருந்துக்கடையில் கொடுத்த களிம்பை ஒரு மாதமாகத் தடவியும் குறையவில்லையே?

பதில்: இது பெரும்பாலும் தலைப் படர்தாமரையாக இருக்கலாம். டிரைக்கோபைட்டான், மைக்ரோஸ்போரம் ஆகிய பூஞ்சைகள் தோலின் மேற்பரப்போடு நின்றுவிடாமல் மயிர்க்கால்களுக்குள்ளும் முடித்தண்டுக்குள்ளும் புகுந்து வளர்வதால், உடம்பில் வரும் படர்தாமரையைக் குணப்படுத்தும் களிம்பு இங்கே பூஞ்சை இருக்கும் இடத்தை எட்டுவதில்லை. உள்ளுக்குக் கொடுக்கும் மருந்து கட்டாயம் தேவை. கிரைசியோஃபுல்வின் என்றால் 6 முதல் 8 வாரங்கள், சில வேளை அதற்கு மேலும் ஆகும். டெர்பினாஃபின் பெரும்பாலும் 4 வாரங்கள். எதைத் தருவது என்பது பூஞ்சையின் வகையையும், எவ்வளவு என்பது குழந்தையின் எடையையும் பொறுத்தது. கிரைசியோஃபுல்வினைப் பாலுடனோ கொழுப்புள்ள உணவுடனோ கொடுத்தால்தான் உடலில் நன்கு சேரும். முதலில் செதிலையும் முறிந்த முடியையும் எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள், எளிய பரிசோதனைதான்.

இதுவரை தடவிய களிம்பின் உறையையும் மருத்துவரிடம் காட்டுங்கள். குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு கலந்திருந்தால், சிவப்பும் அரிப்பும் தணிந்து நோய் குறைந்ததுபோல் தோன்றும்; பூஞ்சையோ உள்ளே பரவிக்கொண்டிருக்கும். மருத்துவர் எழுதித் தராமல் அத்தகைய களிம்பைப் பிள்ளைகளின் தலையில் தடவாதீர்கள் என்று பெற்றோரை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: இது புழுவெட்டு, சின்ன வெங்காயத்தைத் தேய்த்தால் சரியாகிவிடும் என்கிறார் என் மாமியார்.

பதில்: புழுவெட்டில் உடலின் எதிர்ப்பாற்றலே மயிர்க்கால்களைத் தாக்குகிறது, அங்கே தோல் வழவழப்பாக இருக்கும், செதில் இராது. செதிலும், முறிந்த முடியின் கரும்புள்ளிகளும் தெரிந்தால் பூஞ்சையைத்தான் சந்தேகிக்க வேண்டும். புண்பட்ட தோலில் வெங்காயத்தைத் தேய்த்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

கேள்வி: மகளின் தலையில் சீழ் கோத்து வீங்கியிருக்கிறது. கட்டி என்று கீறிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டுக் கீற விடாதீர்கள். பூஞ்சைக்கு எதிராக உடல் கடுமையாகக் கிளர்ந்தெழும்போது, கேரியான் எனப்படும் இத்தகைய மெத்தென்ற வீக்கம் உண்டாகிறது. அதற்கும் மருந்து உள்ளுக்குக் கொடுக்கும் பூஞ்சை எதிர்ப்பு மாத்திரைதான். தாமதித்தால் தழும்பு விழுந்து, அவ்விடத்தில் முடி நிரந்தரமாக முளைக்காமல் போகலாம் என்பதால், இந்த வாரமே காட்டிவிடுங்கள்.

கேள்வி: மொட்டை அடிக்க வேண்டுமா? பள்ளிக்கு அனுப்பலாமா?

பதில்: மொட்டை தேவையில்லை. மருந்தைத் தொடங்கிவிட்டால் பள்ளிக்கு அனுப்பலாம். வாரம் இருமுறை கீட்டோகோனசோல் ஷாம்பு போடுவது பிறருக்குப் பரவுவதைக் குறைக்கும். சீப்பு, தொப்பி, துண்டு ஆகியவற்றைத் தனியாக வையுங்கள். உடன்பிறந்தவர்களின் தலையையும், வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் அதன் உடம்பில் முடி கொட்டிய திட்டுகள் உள்ளனவா என்பதையும் பாருங்கள்.