1968 ஃபியட் 500: நடுக்கம் எங்கிருந்து வருகிறது?

உங்கள் 1968 ஃபியட் 500-இல் 70 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்கிறீர்கள். அதற்கு, அதில் மாற்றிப் பொருத்திய ஃபியட் 126 காரின் 652 சிசி எஞ்சினைக் குறை சொல்லாதீர்கள். அது இந்தக் காருக்குப் பொருத்தமான மாற்றம்தான். எனக்குச் சந்தேகம் முந்தைய உரிமையாளர் மாட்டிய அடாப்டர் தட்டுகள் மேல். அசல் 4x190 பிரேக் டிரம்மில் (190 மி.மீ. விட்ட வட்டத்தில் 4 போல்ட்) 4x98 அகலச் சக்கரம் (98 மி.மீ. வட்டத்தில் 4 போல்ட்) மாட்ட அவற்றைப் போட்டிருக்கிறார். சக்கரம் வெளியே தள்ளிப்போனதால் பேரிங்கும் கிங்பின்னும் (ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரம் திரும்பும் அச்சு) கூடுதல் சுமை தாங்குகின்றன.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் கோளாறு பேரிங்கில். நிற்காவிட்டால் பெரும்பாலும் கிங்பின் புஷ் (கிங்பின்னைச் சுற்றியிருக்கும் உறை) தேய்ந்திருக்கும். அடாப்டர் போல்ட்டின் மரை அதன் விட்டம் அளவுக்காவது உள்ளே இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். குறைவாக இருந்தால் காரை எடுக்கவே வேண்டாம், சக்கரம் கழன்றுவிடக்கூடும். அசல் 12 அங்குலச் சக்கரத்துக்கே திரும்புங்கள்.