மழைக்காட்டுக்குப் போகிற வண்டிக்கு முதல் பரீட்சை மழைதான்

கேள்வி: சியாட்டில் பக்கம் இருக்கிறேன், வயது 52. மகன் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். ஒலிம்பிக் தீபகற்பத்துக் கடலோரக் காடுகளில், காசில்லாமல் தங்க அனுமதி உள்ள இடங்களாகப் பார்த்துத் தனியாகச் சுற்ற ஆசை. பக்கத்து மாநிலமான ஆரிகனில் 22 அடி நீளப் பழைய மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 12 வருட வண்டி, டிரைவர் சீட்டுக்கு மேலே படுக்கை உள்ள வகை. கூரையில் 400 வாட் சோலார் இருப்பதால் கரண்டுக்குக் கவலையே இல்லை என்கிறார் விற்பவர். அங்கே விற்பனை வரியும் கிடையாது என்கிறாள் தோழி. அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அந்த 400 வாட் அரிசோனா பாலைவனத்தில் பெரிய சொத்து. நீங்கள் போகும் இடத்தில் உச்சி வேளையிலும் வெயில் தரையைத் தொடாது. சோலாருக்காக விலையைக் கூட்டிக் கேட்டால் கொடுக்காதீர்கள். பேட்டரி என்ன வகை, வண்டி ஓடும்போதே அதற்குச் சார்ஜ் ஏற்றும் டிசி-டிசி சார்ஜர் இருக்கிறதா என்று கேளுங்கள். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியை ஏறக்குறைய முழுதாகவே செலவழிக்கலாம். ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறைந்துவிடும்.

உண்மையான ஆபத்து ஒழுக்கு. ஒலிம்பிக் தீபகற்பத்தில் உள்ள ஹோ மழைக்காட்டில் வருடத்துக்குச் சுமார் 140 அங்குலம் மழை கொட்டுகிறது. கூரையில் மயிரிழை விரிசல் இருந்தாலும் தண்ணீர் உள்ளே வரும். நீங்கள் சொல்லும் வகையில் பலவீனமான இடமே அந்த மேல் படுக்கைதான். மெத்தையைத் தூக்கி, நான்கு மூலைகளையும் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் உள்ளே மரம் உளுத்திருக்கிறது. கூரை ஜன்னல், ஏசி இவற்றைச் சுற்றிக் கறை இருக்கிறதா? வெளிச்சுவரில் கொப்புளம் போல உப்பல் இருக்கிறதா? செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்து பாருங்கள். வாசனை ஸ்பிரே மணம் தூக்கலாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். நான் முதலில் வாங்கிய வண்டியில் ஒரு பக்கம் மட்டும் புத்தம்புது பலகை. "அட, புதுப்பித்திருக்கிறார்களே" என்று சந்தோஷப்பட்டேன். அந்தப் பலகைக்குப் பின்னால் மரச்சட்டம் முழுக்கப் பூஞ்சை. அதைப் பிரித்துக் கட்டிய செலவில் இன்னொரு நல்ல வண்டியே வாங்கியிருக்கலாம்.

பார்க்கப் போவதென்றால் மழை நாளில் போங்கள், உங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்! ஈரம் அளக்கும் சின்னக் கருவி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அப்புறம், மோட்டார்ஹோம்களைச் சோதிப்பதற்கென்றே சான்றிதழ் பெற்ற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். நீங்களே ஒருவரை அமர்த்துங்கள். விற்பவர் கைகாட்டும் ஆள் வேண்டாம்.

டயர் பட்டன் தேயாமல் பளிச்சென்று இருக்கும், ரப்பர் கிழடாகியிருக்கும். பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 2317 என்றால் 2017-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கும் காலாவதி உண்டு, திருப்பிப் பாருங்கள். வெளிக்குழாய் இல்லாத புரொப்பேன் ஹீட்டரை "இனாம்" என்று தந்தாலும் வேண்டாம். அது எரிய எரிய நீராவியையும் விடும், உள்ளே ஈரம் ஏறும். மூடிய வண்டியில் உயிருக்கும் ஆபத்து.

வரி விஷயத்தில் தோழி பாதிதான் சரி. ஆரிகனில் விற்பனை வரி இல்லை. ஆனால் உங்களைப் போல வாஷிங்டன் மாநிலத்தில் குடியிருப்பவர் வண்டியைப் பதிவு செய்யும்போது அங்கே பயன்பாட்டு வரி கட்டியாக வேண்டும்.

காசில்லாமல் தங்குவது ஒலிம்பிக் தேசியக் காட்டில், தேசியப் பூங்காவில் அல்ல. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். காட்டில் எந்தச் சாலையில் வண்டி போகலாம் என்று காட்டும் வரைபடம் ரேஞ்சர் அலுவலகத்தில் இலவசம். ஹோ நதிக்கரையில் மாநில இயற்கை வளத் துறையின் சிறு முகாம்களும் உண்டு. அங்கே வாடகை கிடையாது, ஆனால் டிஸ்கவர் பாஸ் என்ற மாநில வாகன அனுமதிச் சீட்டு வேண்டும். தீபகற்பத்தின் வடமேற்கு முனையில் நீயா பே பக்கம் மக்கா (Makah) என்ற அமெரிக்கப் பழங்குடியினரின் நிலம், அதற்கு அவர்களுடைய அனுமதிச் சீட்டு தனி.

தனியாகப் போகிறவருக்கு 22 அடி சமாளிக்கிற நீளம்தான். வண்டியை விட்டு வெளியே இறங்காமலே படுக்கையிலிருந்து ஸ்டியரிங்குக்குப் போய்விடலாம் என்பதால், இழுத்துச் செல்லும் டிரெய்லரைவிட இதுவே எனக்குப் பிடிக்கும். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று "வா, வா" என்று சொல்ல ஆள் இருக்காது. அதனால் புதுக் காட்டுச் சாலை என்றால் இறங்கி நடந்து, திரும்ப இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை விடுங்கள். ஐபோன் 14 முதல் செயற்கைக்கோள் வழியாக அவசர உதவி கேட்கலாம். ஆனால் வெயிலை மறைக்கிற அதே மரங்கள் சிக்னலையும் மறைக்கும். வானம் தெரியும் திறந்த இடம் அருகில் எது என்று பகலிலேயே பார்த்து வையுங்கள்.

மேல் படுக்கை மூலை அமுங்கினால் பேரம் பேசவே வேண்டாம், திரும்பிவிடுங்கள். கூரை இணைப்புப் பசை மட்டும் வெடித்திருந்தால் அதைச் சரிசெய்யும் செலவைக் கழித்துக் கேளுங்கள்.