காப்பு அடகில், இசைத்தட்டு அலுமாரியில்

கேள்வி (சுருக்கப்பட்டது): எனக்கு 46 வயது. கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. வெள்ளவத்தையில் வாடகை வீடு. மனைவி ஆசிரியை, மகள் அடுத்த வருடம் உயர்தரம் எழுதுகிறாள். பதின்மூன்று வருடமாகப் பழைய ஆங்கில ரொக், பொப் இசைத்தட்டுகள் சேர்க்கிறேன். இப்போது 340 இருக்கின்றன. இசைத்தட்டுகள் வாங்கி விற்கும் டிஸ்கொக்ஸ் இணையத்தளம் 42 இலட்சம் ரூபாய் பெறுமதி காட்டுகிறது (படத்தையும் தட்டுகளின் பட்டியலையும் இணைத்திருக்கிறேன்). கடனட்டையில் 9 இலட்சத்து 20 ஆயிரம் நிலுவை, வட்டி 26 வீதம். ஆகக் குறைந்த கொடுப்பனவு 46 ஆயிரத்தை ஒரு மாதமும் தவறவிட்டதில்லை. மாதம் 25 ஆயிரம் அளவில் தட்டுகள் வாங்குகிறேன், அதுவும் அட்டையில்தான். நிலுவை இரண்டு வருடமாக அப்படியே நிற்கிறது. மாமி மனைவிக்குப் போட்ட காப்புகள் 6 இலட்சத்துக்கு அடகில் இருக்கின்றன. 14 வீத வட்டியை வருடா வருடம் கட்டித் திருப்பி வைக்கிறேன்.

லண்டனில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பி பீட்டில்ஸின் 1968 வெள்ளை அல்பத்தை, உறையில் குறைந்த வரிசை இலக்கமிட்ட மொனோ பிரதியை, 900 ஸ்டேர்லிங் பவுணுக்குப் பேசி வைத்திருக்கிறான். “அண்ணை, இதை விட்டா பிறகு கிடையாது” என்கிறான். வங்கி 15 வீதத்தில் 4 இலட்சம் தனிநபர் கடன் தரச் சம்மதம். தங்கம் வாங்கி வைப்பதும் இதுவும் ஒன்றுதானே? மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். தம்பிக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள், அவர் முற்பணம் கட்டுவதற்கு முன்னர்.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர். கூட்டு வட்டி என்றால் என்ன, அவசரத் தேவைக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அலுவலகத்தில் யாராவது இப்படி ஒரு கணக்கைக் கொண்டுவந்தால் ஐந்து நிமிடத்தில் பிழையைக் கண்டுபிடித்திருப்பீர்கள். சொந்தக் கடனட்டைக் கூற்றை மட்டும் அந்தக் கண்ணால் பார்க்கவில்லை. மாதம் 46 ஆயிரம் கட்டுகிறீர்கள். அதில் ஏறக்குறைய 20 ஆயிரம் வட்டிக்குப் போகிறது, கடனின் முதல் தொகையில் குறைவது 26 ஆயிரம். பிறகு 25 ஆயிரத்துக்குத் தட்டு வாங்குகிறீர்கள். ஆகவேதான் நிலுவை அசையவில்லை. இரண்டு வருடத்தில் நீங்கள் வங்கிக்குக் கட்டியது 11 இலட்சத்துக்கு மேல். அவ்வளவும் கட்டிய பிறகும் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறீர்கள். “ஒரு மாதமும் தவறவிட்டதில்லை” என்று நீங்கள் எழுதிய வரியில்தான் எனக்குக் கவலை. ஒழுங்காகக் கட்டுகிறோம் என்ற நிம்மதி இந்தப் பழக்கத்தை உங்களிடமிருந்தே மறைத்து வைத்திருக்கிறது.

அட்டை வட்டி வருடத்துக்கு 2 இலட்சத்து 39 ஆயிரம், அடகு வட்டி 84 ஆயிரம். சேர்த்தால் 3 இலட்சத்து 23 ஆயிரம். உங்கள் அலுமாரி வருடா வருடம் அவ்வளவு பெறுமதி ஏறினால்தான் நட்டமில்லாமல் நிற்கலாம். ஏறுகிறதா?

நீங்கள் அனுப்பிய படத்தில் மூன்று தொகைகள் இருக்கின்றன. குறைந்தது 11 இலட்சம், நடுவில் 23 இலட்சம், கூடியது 42 இலட்சம். கடிதத்தில் எழுதியது மூன்றாவதை மட்டும். அந்தக் கூடிய தொகை, ஒவ்வொரு தட்டுக்கும் உலகத்தில் எங்கோ ஒருவர் கொடுத்த ஆக உச்ச விலைகளின் கூட்டுத்தொகை. அப்படி விலைபோன பிரதிகள் பெரும்பாலும் கீறல் இல்லாதவை, உறை மூலை மழுங்காதவை, உள்ளே வந்த தாள் வரை பத்திரமாக இருந்தவை. சேகரிப்பாளர் தராதரத்தில் ‘நியர் மின்ட்’ என்பதற்கும் ‘வெரி குட்’ என்பதற்கும் இடையில் விலை பாதிக்கும் கீழே விழும். பெயரில்தான் ‘வெரி குட்’. போட்டுக் கேட்டால் கரகரப்புத் தெரியும் தட்டுக்குத்தான் அந்தப் பெயர்.

இதை நான் வெளியில் நின்று சொல்லவில்லை. என் பெரியப்பா கொட்டாஞ்சேனை வீட்டில் இசைத்தட்டு சேர்த்தவர். இலங்கை வானொலியில் கேட்டதைத் தேடித் தேடி வாங்குவார். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம் டம் ஆலையில் அச்சான பிரதிகள் நிறைய இருந்தன. அவர் காலமான பிறகு நானும் அண்ணனும் அலுமாரியைத் திறந்தோம். முதலில் வந்தது பூஞ்சண வாசம். பொலித்தீன் உறைகள் அட்டையோடு ஒட்டிப்போயிருந்தன. தட்டை வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்தால் பள்ளங்களுக்குள் அரிசிமா தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். துணியால் துடைத்தோம். புள்ளி போனது, அது இருந்த இடத்தில் ‘டிக் டிக்’ சத்தம் போகாமல் தங்கிவிட்டது. வாங்க வந்தவர் டோர்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான்கை எடுத்து ஒரு பக்கம் வைத்தார். அந்த நான்குக்கும் விலை சொன்னார், மிச்சத்தை “சேர்த்துத் தாருங்கள், கொண்டுபோகிறேன்” என்றார். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், குளிரூட்டி இல்லாத வீட்டில், பதின்மூன்று வருடம் இருந்த உங்கள் 340 தட்டுகளையும் அதே டோர்ச் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள்.

உங்கள் பட்டியலையும் வரிவரியாகப் பார்த்தேன். ஃபிளீட்வுட் மெக்கின் 1977 ‘ரூமர்ஸ்’ மூன்று பிரதிகள், மைக்கல் ஜக்சனின் 1982 ‘த்ரில்லர்’ இரண்டு, ஈகிள்ஸ், அபா. கேட்க அருமையான தட்டுகள். ஆனால் கோடிக்கணக்கான பிரதிகள் விற்றவை. எந்த நகரத்தின் பழைய தட்டுக் கடையிலும் கிடைப்பவை. புகழ்பெற்றது வேறு, அரிதானது வேறு. சேகரிப்பாளன் காசு கொடுப்பது இரண்டாவதற்கு.

பிங்க் ஃப்ளொய்டின் ‘த டார்க் சைட் ஒஃப் த மூன்’ முதல் பதிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். 1973 இல் பிரித்தானியாவில் வந்த முதல் அச்சில் லேபிளின் நடுவிலுள்ள முக்கோணம் நீல நிறம் முழுதாக நிரம்பியிருக்கும். பிந்திய அச்சுகளில் வெறும் கோடு. உள்ளே இரண்டு போஸ்டர், இரண்டு ஸ்டிக்கர் வந்தன. உங்களுடையதில் எது இருக்கிறது? பீட்டில்ஸின் 1963 ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ லேபிள் கறுப்பு, மஞ்சள் என்கிறீர்கள். பெரிய விலைக்குப் போவது அதற்கு முன் மிகச் சிறிது காலம் வந்த கறுப்பு லேபிளில் பொன்னெழுத்துப் பதிப்பு, அதிலும் ஸ்டீரியோ. இரண்டையும் ஒன்றென நினைத்து ஏமாந்தவர்கள் பலர். இதற்கு எதிர்மாறாக, லெட் செப்பலினின் இரண்டாவது அல்பத்தை நீங்கள் சாதாரணமாகப் பட்டியலின் கடைசியில் போட்டிருக்கிறீர்கள். அது 1969 அமெரிக்க அச்சு என்றால், பாட்டு முடிந்து லேபிளுக்கு முன் வரும் வெற்று வளையத்தில் ‘ஆர் எல்’ என்ற எழுத்துகள் கீறியிருக்கின்றனவா என்று உருப்பெருக்கியால் பாருங்கள். அது ரொபர்ட் லட்விக் என்ற ஒலிப் பொறியியலாளர் வெட்டிய அச்சு. இருந்தால், உங்கள் மூன்று ‘ரூமர்ஸ்’ஐயும் விட அந்த ஒன்றுக்குப் பெறுமதி அதிகம்.

வெள்ளை அல்பத்துக்கு வருகிறேன். அதன் கதையை யார் சொன்னாலும் ரிங்கோ ஸ்டாரின் 0000001 இலக்கப் பிரதி 2015 டிசம்பரில் 7,90,000 டொலருக்கு ஏலம் போனதில்தான் தொடங்குவார்கள். அது ரிங்கோவின் கையில் இருந்த முதலாம் இலக்கம். தம்பி பேசியிருப்பதும் நல்ல தட்டுத்தான், மறுக்கவில்லை. ஆனால் 900 ஸ்டேர்லிங், 400 ரூபாய்ப்படி 3 இலட்சத்து 60 ஆயிரம். அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்ந்தால் கடனாக எடுக்கும் 4 இலட்சமும் முடிந்துவிடும். முதல் வருட வட்டி ஏறக்குறைய 60 ஆயிரம். விற்கும்போது தளம் எடுப்பது 9 வீதம் அளவில். வருடத்துக்குள் இதை 5 இலட்சத்துக்கு விற்றாலும் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

விற்பது எங்கே என்பதுதான் அடுத்த சிக்கல். இலங்கையிலிருந்து பேபால் என்ற இணையக் கொடுப்பனவுச் சேவை வழியாகக் காசு கட்டலாம், இதுவரை பெற முடியாது. நீங்கள் தட்டு வாங்கும் அந்தக் கதவு காசு வெளியே போக மட்டும்தான் திறக்கிறது. கொழும்பில் 900 ஸ்டேர்லிங் கொடுக்கக்கூடியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களும் உங்களைப் போலவே லண்டனிலிருந்து எடுப்பிப்பவர்கள்.

“2021 இல் 25 ஸ்டேர்லிங்குக்கு வாங்கியது, அப்போது 7,000 ரூபாயும் இல்லை, இப்போது 10,000” என்று பட்டியலின் ஓரத்தில் மகிழ்ச்சியாகக் குறித்திருக்கிறீர்கள். அந்தத் தட்டு இன்றைக்கும் 25 ஸ்டேர்லிங்தான். 2022 இன் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் மே மாதம் 360 ஐத் தொட்டதே, ரூபாயின் அந்த வீழ்ச்சியைத்தான் நீங்கள் இலாபம் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். தங்கமும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்டீர்கள். செட்டியார் தெருவுக்குள் ஒரு நகைக்கடையில் ஏறி, அந்தக் காப்புகளை அடகு வைத்த நாளிலிருந்து இன்று வரை விலை எங்கே போயிருக்கிறது என்று விசாரியுங்கள். ஏறிய பொருளை அடகில் வைத்துவிட்டு, ஏறாத பொருளை அலுமாரியில் வைத்திருக்கிறீர்கள். தங்கம் ஏறியதால் அதே காப்புகளுக்கு இன்னும் கூடத் தரலாம் என்று அடகுப் பிரிவில் சொல்வார்கள். அந்தக் காசைத் தொடாதீர்கள், தயவுசெய்து.

இனிச் செய்ய வேண்டியது. அட்டையை வெட்டிவிடுங்கள். இணையத்தில் சேமித்து வைத்திருக்கும் அட்டை இலக்கத்தையும் அழியுங்கள். தம்பியின் வேலையை மாற்றுங்கள். இவ்வளவு நாளும் வாங்கித் தந்தவர் இனி விற்றுத் தரட்டும். லண்டனில் வங்கிக் கணக்கு, வாங்குவோர், தபால் எல்லாம் அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. டோர்ச் சோதனையில் தேறும் ஆகச் சிறந்த இருபது தட்டுகளைப் பிரியுங்கள். உறையோடு ஐந்து கிலோ அளவில்தான் வரும். ஊருக்கு வந்து திரும்பும் உறவினர் யாராவது கைப்பயணப் பொதியில் கொண்டுபோகலாம். விமானத்தின் அடித்தட்டில் போட விடாதீர்கள். ஒன்று சராசரி 90 ஸ்டேர்லிங்குக்குப் போனால் 1,800. கட்டணம், தபால் போக 1,550 மிஞ்சும் என்று வையுங்கள், 6 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாய். அதை முழுவதும் அட்டையில் கட்டுங்கள். நிலுவை 3 இலட்சத்துக்கு இறங்கும்.

இங்கேதான் அடுத்த பொறி. நிலுவை இறங்கியதும் வங்கி கேட்கும் ஆகக் குறைந்த தொகையும் 15 ஆயிரத்துக்கு இறங்கிவிடும். நீங்கள் 46 ஆயிரத்தையே விடாமல் கட்டுங்கள். ஏழெட்டு மாதத்தில் அட்டை தீரும். பிறகு அந்த 46 ஆயிரத்தோடு அடகு வட்டிக்கு ஒதுக்கும் 7 ஆயிரத்தையும் சேர்த்து, மாதம் 53 ஆயிரத்தை அடகுக் கடனுக்குக் கட்டினால் பன்னிரண்டு, பதின்மூன்று மாதத்தில் காப்புகள் வீட்டுக்கு வரும். மொத்தம் இருபது மாதம் அளவில். தட்டே விற்காமல், புதிதாக வாங்குவதை மட்டும் நிறுத்தினால் அட்டைக்கே இருபத்தேழு மாதம் ஆகும். வங்கி தரத் தயாராக இருக்கும் 15 வீதக் கடனை எடுத்து அட்டையை அடைக்கலாமே என்று தோன்றும். வட்டிக் கணக்கில் சரி. ஆனால் அட்டை கையில் இருக்கும்போது அதைச் செய்தவர்கள் ஆறு மாதத்தில் இரண்டு கடனோடு வந்து என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். வெட்டிய அட்டையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அதைப் பற்றிக் கதைப்பேன்.

கடிதத்தின் முடிவில் வட்ஸ்அப் குழு ஒன்றில் சீல் உடைக்காத தட்டுகளை ‘முதலீட்டுத் தரம்’ என்று விற்பதாகவும் எழுதியிருந்தீர்கள். பழைய தட்டுக்குப் புதிய பொலித்தீன் சுற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சீல் உடைக்காமல் உள்ளே எந்த அச்சு, தட்டு வளைந்திருக்கிறதா என்று பார்க்கவும் முடியாது. 2022 இல் அமெரிக்காவில் இசைத்தட்டு விற்பனை எண்ணிக்கையில் சீடியை முந்தியது, 1987 க்குப் பிறகு அதுவே முதல் தடவை. அந்தச் செய்தியைக் காட்டித்தான் இவர்கள் விற்கிறார்கள். அங்கே விற்றவை ஆலைகளில் புதிதாக அச்சாகி வந்த தட்டுகள். பழைய பாட்டுகளும் அப்படி மறுபடி மறுபடி அச்சாகின்றன. கேட்பதற்காக மட்டும் வாங்குகிறவர் உங்களுடைய பழைய பிரதிக்கு ஏன் வரப்போகிறார்? அந்தக் குழுவிலிருந்து வெளியேறுங்கள்.

நீங்கள் உண்மையில் போட்டுக் கேட்கும் நாற்பது தட்டுகளை வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் விலையைப் பார்க்காதீர்கள், செங்குத்தாக அடுக்குங்கள், கடற்காற்று படும் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். ஞாயிறு பின்னேரம் மகளோடு உட்கார்ந்து கேட்பதாக எழுதியிருந்தீர்களே, அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தேவையும் இல்லை.

மனைவியிடம் இந்தக் கிழமையே சொல்லுங்கள். 15 வீதக் கடனைப் பற்றி மட்டுமில்லை, 9 இலட்சத்தையும் சொல்லுங்கள். இது அவருடைய காப்பு. அடகுச் சீட்டை அவர் கையில் கொடுத்து, அதிலுள்ள கடைசித் திகதியை இருவருமாகச் சமையலறைக் கலண்டரில் குறித்து வையுங்கள். நீங்கள் அனுப்பிய பிரதியில் அந்தத் திகதி மடிப்புக்குள் போய்விட்டது. அதை மட்டும் எனக்குத் திருப்பி எழுதி அனுப்புங்கள்.